கோபுரம் தெரியாத கொக்கு மரம்

கார்த்திகை கடைசியில் கீர்த்தி சென்னையிலிருந்து போன் செய்தபோது, லில்லி கட்டிலில் குப்புறப் படுத்து இடுப்பின் மேல் வெந்நீர்ப் பையை வைத்துக்கொண்டிருந்தாள். முந்தின நாள் ஒரே மண்டபத்தில் பதினான்கு மணி நேரம் நின்றிருந்தாள்.

"லில்லிக்கா, மார்கழில ஃப்ரீயா?"

மார்கழியில் லில்லி எப்போதும் சும்மாதான் இருப்பாள். கல்யாண வீடியோ எடுப்பவளுக்கு அந்த மாதம் வேலை கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவள் பார்த்துவந்த தொழில் அதுதான். காஞ்சிபுரத்தைச் சுற்றி கேமரா தூக்கிய முதல் பெண் அவள். நலங்குக்கும் பெண் அலங்காரத்துக்கும் உள்ளே போய் எடுக்க ஒரு பொம்பளை வேண்டும் என்றுதான் ஆரம்பத்தில் கூப்பிட்டார்கள். பிறகு தாலி கட்டுவதையும் அவளே எடுத்தாள். கேமரா சுமந்து சுமந்து வலது தோள் இடது தோளைவிட ஒரு விரல்கடை தாழ்ந்துவிட்டது. வயது நாற்பத்தாறு. மண்டபத்து வெளிச்சமும் மேளச் சத்தமும் பன்னீர் வாசனையும் இப்போதெல்லாம் அவளுக்குத் தலைவலியாகத்தான் வந்து சேர்ந்தன.

கீர்த்திக்கு அவளைத் தெரிந்தது ஒரு கீரிப்பிள்ளையால். கீர்த்தியின் பெரியம்மா மகள் கல்யாணத்தில், மண்டபத்தின் பின்பக்கம் பாத்திரம் கழுவும் இடத்தில் ஒரு கீரி மூன்று குட்டிகளோடு எச்சில் இலை மேட்டைத் தாண்டிப் போனது. லில்லி மணப்பெண்ணை விட்டுவிட்டு நாலு நிமிஷம் அதையே எடுத்துக்கொண்டிருந்தாள். கல்யாண வீட்டார் சத்தம் போட்டார்கள். கீர்த்தி மட்டும் அந்த நாலு நிமிஷத்தைக் கேட்டு வாங்கிப் போனாள். அவள் வேலை பார்த்த கம்பெனி, பெரிய நகரங்களுக்குள் வாழும் பிராணிகளைப் பற்றி டிவிக்கு ஒரு தொடர் எடுத்துக்கொண்டிருந்தது.

"சென்னைல ஒரு பஸ் டிப்போ பக்கத்துல தூங்குமூஞ்சி மரம்கா. மரம் ஃபுல்லா கொக்குக் கூடு. முட்டை வரைக்கும் எடுத்துட்டோம். ஒரு நாள் காலைல போய்ப் பாத்தா மரமே இல்ல. வெட்டிட்டாங்க. இப்ப என்கிட்ட முட்டை இருக்கு, குஞ்சு இல்ல. உங்க ஊர்ல அதே மாதிரி மரம் ஒண்ணு இருக்குன்னு சொன்னாங்க."

"இருக்குதுமா. பிள்ளையார்பாளையத்துல. ஆனா இது காஞ்சிபுரம் ஆச்சே."

"அதான் விஷயமே. சிட்டி மாதிரி தெரியணும். கோபுரம் வரக்கூடாது. தெருவுல பட்டு காயப்போட்டா அது வரக்கூடாது. மாடு, தேர், கோலம், ஒண்ணும் வரக்கூடாது. கொக்கு, கிளை, ஒயர், அவ்ளோதான்."

உட்கார்ந்து செய்கிற வேலை என்பது ஒன்றுக்காகவே லில்லி சரியென்றாள்.

மரத்துக்கு நேர் எதிரே இருந்தது உமாபதியின் வீடு. கீழே அவர் தறி. மாடியில் அட்டைப்பெட்டிகளும் ஓடாத தையல் மிஷினும் போட்டு வைத்த ஓர் அறை. அதன் ஜன்னலைத்தான் கம்பெனி வாடகைக்குப் பேசியிருந்தது. முதல் நாள் காலை ஆறரை மணிக்கு லில்லி முக்காலியையும் லென்ஸ் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனபோது, உமாபதியின் மனைவி வடிவாம்பாள் வாசலிலேயே நிறுத்தினாள். அறுபதை நெருங்கும் வயது. கையில், தறி நாடாவுக்குள் போடத் தார்க்குச்சியில் சுற்றும் பட்டு நூல் இருந்தது.

"எந்த ஊரும்மா?"

"முசரவாக்கம்."

"முசரவாக்கத்துல எந்தப் பக்கம்?"

"சர்ச்சு பக்கம்மா."

வடிவாம்பாள் தலையை ஆட்டி வழிவிட்டாள். பத்து நிமிஷம் கழித்து மாடிப்படியின் கடைசிப் படியில் காபி வந்தது, பேப்பர் கப்பில். கீழே கூடத்தில் அவளும் உமாபதியும் எவர்சில்வர் டம்ளரில் குடித்துக்கொண்டிருந்ததை லில்லி ஏறும்போதே பார்த்திருந்தாள். இதற்கெல்லாம் கோபப்பட்ட காலம் ஒன்று இருந்தது. இப்போது அதைப் புரிந்துகொள்வதே அலுப்பாக இருந்தது. காபி நன்றாக இருந்தது. குடித்தாள்.

"இந்தச் சனியனுங்கள எதுக்கும்மா படம் புடிக்கிற?" வடிவாம்பாள் படியில் நின்றபடியே கேட்டாள். "போன வருசம் தெருவுல பாவு நீட்டிக்கினு இருந்தோம். அரக்கு கலரு. அறுபது முழத்துக்கு இழை இழையா இழுத்துக் கட்டி வெச்சிருக்கோம், மேல போன கொக்கு போட்டுட்டுப் போச்சு பாரு, நடு பாவுல! தொடச்சா கறை, கழுவுனா சாயம் போவுது. அன்னிக்கே தெருவுல எல்லார் கிட்டயும் கையெழுத்து வாங்கி மனு குடுத்தேன், மரத்த வெட்டுங்கன்னு. மொத கையெழுத்து என்னுது. இதுவரைக்கும் ஒருத்தனும் வந்து எட்டிப் பாக்கல."

"வராமயே இருக்கட்டும்மா, தை முடியற வரைக்கும்" என்றாள் லில்லி.

வேலை நினைத்தபடி உட்கார்ந்து செய்கிறதாகத்தான் இருந்தது. ஆனால் சுலபமாக இல்லை. கொக்குகள் விடிகாலையில் தாமல் ஏரிக்குப் போய் மீனோடு திரும்பும், குஞ்சுக்கு வாய்க்குள் கக்கிக் கொடுக்கும், மறுபடி போகும். அது வரும் நேரத்தில் விரல் பொத்தானில் இருக்க வேண்டும். ஒரு கூட்டில் கண் வைத்தால் பக்கத்துக் கூட்டில் நடக்கும். மார்கழி மாதமாகையால் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்பே தொடங்கிவிடும். "சவுண்டு பிரச்சனை இல்லக்கா, டிராஃபிக் சத்தம் போட்டுக்கறோம்" என்றாள் கீர்த்தி. ஆட்டம்தான் பிரச்சனையாக இருந்தது. உமாபதி தறிக்கு மேலே, சேலையில் பூவேலை போடும் ஜக்காடு பெட்டியை உத்தரத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தார். அவர் ஒவ்வொரு இழையாக அடிக்க அடிக்க மாடித் தரை அதிரும். நீள லென்ஸில் கொக்கு குளிரில் நடுங்குவதுபோல் தெரியும். நாலைந்து நாள் பார்த்துவிட்டு லில்லி கீழே இறங்கிப் போய்ச் சொன்னாள்.

உமாபதி தறியிலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "எம்மா நேரம்மா நிறுத்தணும்?"

"கொக்கு வரும்போது மட்டும் ஐயா. ரெண்டு நிமிசம்."

"கொக்கு வரது எனக்கு எப்டித் தெரியும்?"

"நான் தரையில தட்டறேன்."

அப்படித்தான் நடந்தது. லில்லி குதிகாலால் இரண்டு தட்டு தட்டினால் தறி நிற்கும். மறுபடி தட்டினால் ஓடும். உமாபதி ஒரு தடவைகூட முணுமுணுக்கவில்லை. அந்த இரண்டு நிமிஷங்களில் அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டார் என்பது லில்லிக்கு அப்புறம்தான் தெரிந்தது.

மரத்தில் தெருப்பக்கம் நீண்ட பெரிய கிளை ஒன்று கோபுரத்தை முழுக்க மறைத்துக்கொண்டிருந்தது. அந்தக் கிளைக் கூடுகளை எடுத்தால் பின்னால் இலையும் துண்டு வானமும் இரண்டு மின்கம்பியும்தான் இருக்கும். சென்னை என்றால் சென்னைதான். லில்லி கூடுகளுக்கு எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். மூன்றாம் கூட்டில் மூன்று குஞ்சு. எட்டாம் கூட்டில் ஒன்றே ஒன்று. பதினோராம் கூடு நீர்க்காகத்துடையது, அது வேண்டாம்.

மதியம் கொக்குகள் ஓய்ந்திருக்கும்போது ஜன்னல் சுவரில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்வாள். வீட்டில் தூக்கம் குறைவு. கணவன் யேசுதாஸ் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தான். அவள் கிளம்பும்போது அவன் வருவான். அவள் வரும்போது அவன் கிளம்புவான். வாசலில் சாவியைக் கைமாற்றிக்கொள்வதுதான் வாரத்தில் பாதி நாள் அவர்களுடைய பேச்சு.

ஒரு நாள் அப்படிக் கண்ணயர்ந்திருந்தபோது பக்கத்தில் யாரோ மூச்சு விடும் சத்தம் கேட்டு விழித்தாள். வடிவாம்பாள் கேமராவின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதுங்க இன்னாம்மா, அடிச்சுக்கினே இருக்குதுங்க?"

மூன்றாம் கூட்டில் பெரிய குஞ்சுகள் இரண்டும் கடைசிக் குஞ்சின் மண்டையில் கொத்திக்கொண்டிருந்தன. அது கழுத்தை மடக்கிக் கூட்டின் ஓரத்தில் ஒடுங்கியிருந்தது. தாய்க்கொக்கு ஒரு முழம் தள்ளி நின்று இறகு கோதியது.

"தெனமும் இப்டித்தான்மா. தீனி பத்தலைன்னா சின்னத வுடாதுங்க."

"ஆத்தாக்காரி பாத்துக்கினே நிக்கறாளே!"

"அவ இன்னா பண்ணுவா? காலைலேர்ந்து நாலு தடவ ஏரிக்குப் போய் வந்துட்டா."

வடிவாம்பாள் தையல் மிஷின் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். மறுநாள் தார் சுற்றும் ராட்டையையும் மாடிக்கே கொண்டுவந்துவிட்டாள். சுற்றிக்கொண்டே, "சின்னது தின்னுச்சா?" என்று கேட்பாள். தின்றது என்றால் தலையை ஆட்டுவாள். இல்லையென்றால் அந்தப் பெரிய குஞ்சுகளைத் திட்டுவாள். அந்தத் திட்டில் அவள் இரண்டு மகன்களின் பெயரும் சில சமயம் வந்து போகும். இருவரும் வெளியூர், ஒருவருக்கொருவர் பேசுவதில்லை. லில்லி கேட்டுக்கொள்ளவில்லை. மற்றவர் வீட்டு விஷயம் கேட்டுக் கேட்டே அவள் காது சலித்திருந்தது.

பொங்கல் கழிந்து ஐந்தாம் நாள். தை பிறந்தபின் முகூர்த்தம் இல்லாத நாட்களில் மட்டும் வந்த லில்லி அன்று ஜன்னலில் இருந்தாள். காலை ஒன்பதரை இருக்கும். தெருவில் ஆளை மேலே தூக்கும் லிஃப்ட் வண்டி ஒன்று பின்னோக்கி வந்து மரத்தடியில் நின்றது. அதிலிருந்து நாலு பேர் இறங்கினார்கள். ஒருவன் கையில் ரம்ப மிஷின். மரம் வெட்டும் ஒப்பந்தக்காரரின் ஆட்கள். மேஸ்திரி ஜெயக்குமார் அண்ணாந்து பார்த்துவிட்டுக் கோபுரத்தை மறைத்த அந்தப் பெரிய கிளையைக் காட்டினார். "கம்பி மேல இருக்கற இத மொதல்ல எறக்கு. அப்பால மத்தது."

லில்லி கீர்த்திக்குப் போன் செய்தாள்.

"என்னக்கா சொல்றீங்க? வெட்றாங்களா? எடுங்க! எங்க மரத்த வெட்னது எங்ககிட்ட இல்லவே இல்ல. ரோல் பண்ணிட்டே இருங்க, கட் பண்ணாதீங்க, ப்ளீஸ்."

லில்லி எடுத்தாள். இருபத்திரண்டு வருஷத்துக் கை அது. மணப்பெண் மயங்கி விழுந்தாலும், சம்பந்திகள் அடித்துக்கொண்டாலும் ஆடாத கை. ரம்பம் கிளையில் இறங்கியது. கொக்குகள் மொத்தமாக எழுந்து தெருவுக்கு மேலே வட்டமிட்டன. கிளை முறியும் சத்தம் வருவதற்குள் லில்லி மனசுக்குள் எண்ணிக்கொண்டாள்: மூன்று, நாலு, ஐந்து, ஏழு. நான்கு கூடு. பிறகு கிளை இறங்கியது. அது விழுந்த இடத்தில் திரை முழுக்க வானம் திறந்து, அதன் நடுவில் கோபுரம் நின்றது.

அடுத்த கிளைக்கு லிஃப்ட் நகர்ந்தபோது, வடிவாம்பாள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு படத்துக்குள் வந்தாள். மரத்தடியில் அதைப் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏய்! நிறுத்துயா மிஷின!"

ஜெயக்குமார் சட்டைப் பையிலிருந்து மடித்த காகிதத்தை எடுத்தார். "இன்னாமா இது? மனு குடுத்ததே இந்தத் தெருதானே? வடிவாம்பாள்னு மொத கையெழுத்தே போட்டிருக்குது."

"அது நான்தான்."

"நீங்களா?"

"நான்தான் வெட்டச் சொன்னேன். நானே இப்ப வாணாங்கறேன். புள்ளைங்க பறக்கட்டும், அப்பால வந்து வெட்டு."

"ஆர்டர் போட்டாச்சும்மா. நான் இன்னா பண்ண முடியும்?"

"அப்ப என் தலமேல வெட்டு."

லில்லி தன்னையறியாமல் லென்ஸைத் திருகி வடிவாம்பாளின் முகத்துக்கு நெருங்கிப் போனாள். கொண்டை அவிழ்ந்து, கையை நீட்டி நீட்டிக் கத்திக்கொண்டிருந்தாள் அவள். நல்ல படம் என்று கை சொன்னது. அந்த நேரம் வடிவாம்பாள் நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தாள்.

"ஏம்மா! நீ மட்டும் அங்க குந்திக்கினு இன்னா பண்ற? எறங்கி வாயேன்!"

லில்லி கேமராவை ஓடவிட்டுவிட்டு இறங்கினாள். முழங்கால் வலியில் ஒவ்வொரு படியாகத்தான் இறங்க முடிந்தது. காதில் கீர்த்தி, "அக்கா, நீங்க போகாதீங்க, ஃப்ரேம் யாரு பாப்பாங்க?" என்றாள். லில்லி இயர்போனைக் கழற்றி ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

விழுந்த கிளையின் அடியில் பதினோரு குஞ்சுகள் கிடந்தன. ஏழு செத்திருந்தன. மூன்றாம் கூட்டின் கடைசிக் குஞ்சும் அதில் ஒன்று. மூன்றுக்கு ஒரு காயமும் இல்லை. ஒன்றுக்கு இறக்கை தொங்கியது. உமாபதி உள்ளே போய் நூல்கட்டு வைக்கும் கூடையைக் கொட்டிக் கவிழ்த்து எடுத்துவந்தார். ஜெயக்குமார் யாரிடமோ போனில் பேசினார். பேசப் பேசக் குரல் தணிந்தது. கடைசியில், "கம்பி மேல இருந்தது வெட்டியாச்சு சார். மத்தது அடுத்த மாசம் பாத்துக்கலாம். பொம்பளைங்க குந்திக்கினு இருக்கறாங்க" என்று சொல்லி வைத்தார்.

"அந்த லிஃப்ட்ட கொஞ்சம் குடுங்கண்ணே" என்றாள் லில்லி.

"எதுக்கு?"

"இந்த மூணையும் மேல வெக்கணும். எட்டாம் கூட்டுல ஒரே குஞ்சு. இதே சைஸு. இன்னும் ரெண்டு தாங்கும். ரெண்டாம் கூட்டுல ஒண்ணு வெக்கலாம்."

"எட்டாம் கூடா? மரத்துக்கு டோர் நம்பர் போட்டிருக்கியா நீ?" என்றார் ஜெயக்குமார். ஆனால் ரம்பம் பிடித்தவனிடம் கூடையைக் கொடுத்து அனுப்பினார். லில்லி கீழே நின்று கை காட்ட, அவன் ஒவ்வொன்றாக வைத்தான். அன்று வெயிலில் தொண்டை வறண்டு போய், வடிவாம்பாள் லில்லியின் பாட்டிலை வாங்கித் தூக்கிக் குடித்தாள். மறுநாள் காலை படியில் பேப்பர் கப்தான் இருந்தது. இறக்கை ஒடிந்த குஞ்சு கூடையில் செத்துக் கிடந்தது. மேலே வைத்த மூன்றில் இரண்டு, தை முடிவதற்குள் கிளை தாண்டிப் பறந்தன. மூன்றாவது என்ன ஆனதென்று தெரியவில்லை. ஒரு நாள் பார்க்கும்போது அந்த இடம் காலியாக இருந்தது.

வைகாசியில் கீர்த்தி முடிந்த படத்தின் இணைப்பை அனுப்பினாள். லில்லி ஒரு கல்யாண மண்டபத்தின் மணப்பெண் அறையில், அலங்காரம் முடியக் காத்திருந்த நேரத்தில் போனில் பார்த்தாள். முப்பத்தேழு நாள் உழைப்பு ஒரு நிமிஷத்துக்குச் சற்று அதிகமாக வந்தது. குஞ்சுகள் நன்றாகத்தான் இருந்தன. பிறகு கிளை விழுந்தது. கோபுரம் வரக்கூடாது என்பதால் அதற்குப் பிறகு வந்த காட்சியின் ஓரங்களை நெருக்கமாக நறுக்கிவிட்டிருந்தார்கள். வடிவாம்பாளின் முகமும் நீட்டிய கையும் மட்டும்தான் மிச்சம். நாற்காலி தெரியவில்லை, மேஸ்திரி தெரியவில்லை. அவள் பேச்சுக்குப் பதில் பஸ் ஹாரன் சத்தம். ஒரு கனத்த குரல் சொன்னது: பெருநகர மக்களின் பொறுமைக்கு எல்லை உண்டு, மரத்தை வெட்டியே தீர வேண்டும் என்று தெருவுக்கு இறங்கினார்கள்.

லில்லி அதை இரண்டு முறை பார்த்தாள். விட்டுவிடலாம் என்று முதலில் நினைத்தாள். யாருக்குத் தெரியப் போகிறது. நாளைக்கு முகூர்த்தம் வேறு இருக்கிறது. ஆனால் அந்த முகத்தை நெருங்கிப் போனது தன் கைதான். மணப்பெண்ணின் தங்கையிடம் ஒரு நிமிஷம் கேட்டு வெளியே வந்து போன் செய்தாள்.

"கீர்த்தி, அந்தம்மா வெட்டச் சொல்லிக் கத்தல. வெட்டாதேன்னு கத்துனாங்க."

"ஐயோ. எடிட்டருக்கு அது தெரியாதுக்கா. ஆடியோ யூஸ் பண்ணல இல்ல."

"வாய்ஸ மாத்தச் சொல்லு."

"வாய்ஸ் லாக் ஆயிடுச்சு. மறுபடி ரெக்கார்டிங் போக முடியாது. வேணும்னா அந்த ஷாட்டத் தூக்கிடறேன். அவ்ளோதான் என்னால முடியும்."

"தூக்கிடு."

"சாரிக்கா."

"பரவால்ல. தூக்கிடு."

விஷயத்தைப் போனில் சொல்ல மனசில்லாமல், இரண்டு நாள் கழித்து வேலை முடிந்து திரும்பும் வழியில் பிள்ளையார்பாளையத்துக்குப் போனாள். மரத்தில் இப்போது கொக்கு ஒன்றும் இல்லை. காலிக் கூடுகள் சுள்ளிக்கட்டுகள் மாதிரி இருந்தன. அடுத்த மாதம் என்று போன ஜெயக்குமார் திரும்பி வரவே இல்லை. வடிவாம்பாள் கூடத்தில் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். லில்லி வாசற்படியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் சொன்னாள்.

வடிவாம்பாள் ராட்டையை நிறுத்தினாள்.

"அப்ப நான் டிவில வரமாட்டேனா?"

"இல்லம்மா. தப்பா காட்டிட்டாங்கன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"இன்னாம்மா நீ! ஆரணில இருக்கற எங்க நாத்தனார் வரைக்கும் சொல்லி வெச்சிருக்கேன். பெரியவன் கிட்ட சொன்னேன். சின்னவனும் போன் பண்ணிக் கேட்டான், எந்தச் சேனல்னு. எட்டு மாசமா போனே பண்ணாதவன்."

"வெட்டச் சொல்லிக் கத்துனா மாதிரி வந்திருக்கும்மா. ஊரே பாக்கும்."

"கத்துனா மாதிரி வந்தா வரட்டுமே. மொதல்ல அப்டித்தானே கத்துனேன்? பொய்யா அது? மூஞ்சியாவது வந்திருக்கும் இல்ல."

உள்ளே தறியிலிருந்து உமாபதி சிரிக்கும் சத்தம் கேட்டது. லில்லிக்கும் சிரிப்பு வந்தது. கூடவே அழுகை வரும்போல இருந்தது. இரண்டுக்கும் தெம்பில்லாமல் கேமரா பையின் வாரை இழுத்து விட்டுக்கொண்டாள்.

"நல்லதுன்னு நெனச்சுத்தான்மா பண்ணேன்."

"அது தெரியுது போ." வடிவாம்பாள் மறுபடி ராட்டையைச் சுற்றத் தொடங்கினாள். முகத்தை இவள் பக்கம் திருப்பவில்லை. கொஞ்சம் கழித்து, "அவங்க அடுத்த வருசம் வருவாங்களா?" என்றாள்.

"கொக்கா?"

"படம் எடுக்கறவங்க."

"தெரியலம்மா. வந்தா சொல்றேன்."

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்து அதன் மேல் கையைக் கட்டிக்கொண்டு லில்லி கண்ணை மூடினாள். யேசுதாஸ் ஷிப்டுக்குக் கிளம்பியிருப்பான், சாவி பக்கத்து வீட்டில் இருக்கும், பேட்டரி சார்ஜ் போட வேண்டும், ஐந்தரைக்கு முகூர்த்தம். முசரவாக்கம் வந்தபோது கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்ப வேண்டியிருந்தது.